வண்டி நின்றால்தான் கதை

பெட்ரோல் கார் ஒன்றை எடைபோட வரும் மோட்டார் பத்திரிகையாளரைப் பாருங்கள். சாவியை வாங்குகிறார். கதவைத் திறந்து மூடி அந்த 'தட்' சத்தத்தைக் காதுகொடுத்துக் கேட்கிறார். டேஷ்போர்டு பிளாஸ்டிக்கை விரல் கணுவால் தட்டுகிறார், பின்சீட்டில் முழங்கால் இடிக்கிறதா என்று உட்கார்ந்து எழுகிறார், நாலு வளைவில் விரட்டிப் பார்க்கிறார். சாயங்காலம் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஸ்டீயரிங் பற்றி இரண்டு பத்தி எழுதுகிறார். அதே மனிதர் கையில் ஒரு எலெக்ட்ரிக் காரைக் கொடுங்கள், ஆளே மாறிப்போகிறார். ஸ்டீயரிங் மறந்துவிடுகிறது, பின்சீட்டும் மறந்துவிடுகிறது. பார்வை முழுக்கத் திரையில் தெரியும் ஒரே எண்ணில்தான்: இன்னும் எத்தனை கிலோமீட்டர்? மேப்பை விரித்து, இருப்பதிலேயே தொலைவான ஊரைத் தேர்ந்தெடுக்கிறார். மாதமும் இருப்பதிலேயே குளிரான மாதம். கம்பளி, பிஸ்கட் பாக்கெட், போன் சார்ஜர், கூடவே ஒரு போட்டோகிராபர். போட்டோகிராபர் ரொம்ப முக்கியம்; வண்டி நடுரோட்டில் நிற்கும்போது படம் எடுக்க ஆள் வேண்டாமா? எலெக்ட்ரிக் கார் விமர்சகர் என்ற இந்த இனம் இப்போது எல்லா நாட்டிலும் இருக்கிறது. நன்றாக வளர்ந்த மாதிரிகளைப் பார்க்க அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும்தான் போக வேண்டும்.

இவரைப் பற்றி வாசகர்களிடம் ஒரு ரெடிமேட் தீர்ப்பு உண்டு: "காசு வாங்கிட்டான்." திட்டி எழுதினால் எண்ணெய் கம்பெனி காசு, புகழ்ந்து எழுதினால் கார் கம்பெனி காசு. உபசாரம் நடப்பது உண்மைதான். புது மாடல் வரும்போது கம்பெனியே விமான டிக்கெட் போட்டு, உதய்ப்பூரிலோ கோவாவிலோ நட்சத்திர ஓட்டலில் தங்கவைத்து, எந்த ரோட்டில் ஓட்ட வேண்டும் என்பதையும் தானே முடிவுசெய்து கொடுக்கும். இன்ன தேதி இன்ன மணிக்கு முன்னால் ஒரு வரி வெளிவரக் கூடாது என்று 'எம்பார்கோ' வேறு. அந்த ரோட்டில் குழி இருக்காது. இருந்தாலும் அதற்குச் சற்று முன்னால் காபி இடைவேளை வந்துவிடும். இதெல்லாம் எழுத்தைக் கொஞ்சம் மழுங்கடிக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இதே விருந்து டீசல் எஸ்யூவிக்கும் நடக்கிறதே! டீசல் வண்டியின் விமர்சனம் சப்பென்று முடிய, எலெக்ட்ரிக் வண்டியின் விமர்சனம் மட்டும் ஒன்று தலபுராணமாகவோ இல்லை ஒப்பாரியாகவோ ஆவது ஏன்? விருந்தை வைத்து அதை விளக்க முடியாது. இவரைப் பிடித்திருப்பது கதைப்பசி என்பது என் கட்சி. சம்பவம் இல்லாத பயணத்தை எழுத இவருக்குக் கை வராது. அதனால் இவருடைய சார்பை அவர் எழுதும் வாக்கியங்களில் தேடிப் பிரயோஜனமில்லை. எங்கிருந்து எங்கே, எந்த மாதம், எவ்வளவு சார்ஜோடு என்று வழி போடும்போதே அது வண்டிக்குள் ஏறி உட்கார்ந்துவிடுகிறது.

சிறந்த உதாரணம் 2013 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸில் ஜான் பிராடர் எழுதிய கட்டுரை. அமெரிக்காவின் கிழக்குக் கரையோரம் டெஸ்லா 'சூப்பர்சார்ஜர்' என்ற அதிவேக சார்ஜ் நிலையங்கள் இரண்டை வைத்திருந்தது. ஒன்று டெலவேரில் நூவர்க், இன்னொன்று கனெக்டிகட்டில் மில்ஃபோர்டு. நடுவில் சுமார் 320 கிலோமீட்டர். பிராடருக்குக் கிடைத்த மாடல் எஸ் காருக்கு அரசாங்கச் சோதனைப்படி ரேஞ்ச் 426 கிலோமீட்டர். கணக்கு சரியாகத்தான் இருந்தது. குளிர் அந்தக் கணக்கைப் படிக்கவில்லை. மில்ஃபோர்டைத் தாண்டி கிராட்டன் என்ற ஊரில் இரவு தங்கினார். காரைப் பூட்டும்போது திரையில் 145 கிலோமீட்டர் மீதி, விடிந்து பார்த்தால் 40. இரவெல்லாம் வெளியில் உறைபனி. பக்கத்து ஊரான நார்விச்சில் ஒரு சாதாரண சார்ஜரில் சுமார் ஒரு மணி நேரம் செருகி வைத்தார். எடுக்கும்போது திரை சொன்னது 51 கிலோமீட்டர். மில்ஃபோர்டு நிலையத்துக்குப் போக வேண்டியது 98. புறப்பட்டுவிட்டார்! ஒரு மணி நேரம் போதும் என்று டெஸ்லா ஆட்களே போனில் சொன்னார்கள் என்பது அவர் பக்கம். எங்கள் பேச்சைக் கேட்காமல் பிடுங்கிக்கொண்டு போனார் என்பது கம்பெனி பக்கம். வண்டி பிரான்ஃபோர்டு அருகே நின்றது, லாரியில் ஏறியது, கட்டுரை பிறந்தது. அந்த 51-ஐயும் 98-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெட்ரோல் முள் இதே பாதித் தூரத்தைக் காட்டியிருந்தால், போனில் யார் என்ன சொன்னாலும் இவர் வழியில் ஒரு பங்க்கில் ஒதுங்கியிருப்பார். ஒதுங்கியிருந்தால் கட்டுரை ஏது?

உடனே டெஸ்லா தலைவர் எலான் மஸ்க் கட்டுரையே போலி என்று ட்விட்டரில் அறிவித்தார். இரண்டு நாளில் கார் தனக்குள் பதிவுசெய்து வைத்திருந்த விவரங்களைக் கொட்டினார். மணிக்கு 87 கிலோமீட்டரில் க்ரூஸ் வைத்ததாகக் கட்டுரை சொன்ன இடத்தில் பதிவு காட்டியது ஏறக்குறைய 97. ஹீட்டரைக் குறைத்தேன் என்ற இடத்தில் ஏற்றியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, மில்ஃபோர்டில் ஒரு சின்ன பார்க்கிங்கில் கார் அரை மைல் சுற்றிச் சுற்றி வந்திருந்தது. பேட்டரியைத் தீர்க்கவே சுற்றினார் என்றது கம்பெனி. இருட்டில் சார்ஜர் எங்கே என்று தேடினேன் என்றார் பிராடர். இந்த அரை மைலைத்தான் நான் திரும்பத் திரும்ப ரசிக்கிறேன். கார் எத்தனை சுற்று சுற்றியது என்று எந்திரத்துக்குத் தெரியும். உள்ளே இருந்தவர் சதிகாரரா, வழி தெரியாமல் திண்டாடியவரா என்று அதற்குத் தெரியாது. கடைசியில் டைம்ஸின் வாசகர் பிரதிநிதி மார்கரெட் சல்லிவன் விசாரித்துத் தீர்ப்பு எழுதினார்: நேர்மையில் குறையில்லை, துல்லியத்திலும் நிதானத்திலும் குறை உண்டு. முன்சீட்டில் கிடந்த ஒரு சின்ன சிவப்பு நோட்டுதான் பிராடருடைய ஆவணம், அது டிஜிட்டல் பதிவோடு மோதி ஜெயிக்காது என்பதையும் சொன்னார். எனக்கு அந்தச் சிவப்பு நோட்டு அவருக்குச் சாதகமான சாட்சியாகவே படுகிறது. திட்டமிட்டு ஏமாற்றப் போகிறவன் கணக்கைப் பக்காவாக வைத்திருப்பான். கதையில் லயித்துப்போனவர்தான் நோட்டில் கிறுக்குவார். அதே வாரம் சிஎன்என் நிருபர் ஒருவர் அதே இரண்டு நிலையங்கள் வழியாக அதே மாடலை ஓட்டினார். குளிர் சற்றுக் குறைவு, இரவு தங்கலும் இல்லை. போக நினைத்த பாஸ்டனுக்குப் போய்ச் சேர்ந்தார். பிராடரின் பெயர் இன்றும் நினைவிருக்கிறது. போய்ச் சேர்ந்தவரின் பெயரை யாரிடமாவது கேட்டுப் பாருங்கள்.

இங்கிலாந்து மாதிரி இன்னும் ருசியானது, ஏனென்றால் அங்கே கதைப்பசிக்கு இயக்குநரும் கேமராவும் உண்டு. பிபிசியின் 'டாப் கியர்' 2008 டிசம்பரில் டெஸ்லா ரோட்ஸ்டரை எடுத்துக்கொண்டது. தொகுப்பாளர் ஜெரமி கிளார்க்சன் வண்டியின் வேகத்தைப் பார்த்து வாய்பிளந்தார். பிறகு, கம்பெனி 200 மைல் என்கிறது, எங்கள் தடத்தில் 55 மைலிலேயே தீர்ந்துபோகும் என்று கணக்கிட்டோம் என்றார். மோட்டார் சத்தம் அடங்கியது. அடுத்த காட்சியில் ஆட்கள் காரைத் தள்ளிக்கொண்டு கொட்டகைக்குள் போனார்கள். படப்பிடிப்பில் எந்தக் காரின் சார்ஜும் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கவே இல்லை என்றது டெஸ்லா. அப்படியானால் ஏன் தள்ளினார்கள்? தீர்ந்தால் இப்படித்தான் இருக்கும் என்று காட்டினோம், 55 மைல் கணக்கைப் போட்டதே டெஸ்லாவின் சொந்த எஞ்சினியர்கள்தான் என்றார் தயாரிப்பாளர் ஆண்டி வில்மன். ஸ்கிரிப்ட் முன்கூட்டியே தயாராக இருந்ததே என்றதற்கு, படம்பிடிக்கும் முன்பே நாங்கள் ஓட்டிப் பார்த்துவிட்டோம் என்பது பதில். டெஸ்லா 2011-இல் வழக்குப் போட்டது. பந்தயத் தடத்தில் விரட்டுவதைச் சாதாரண ரோட்டு ஓட்டத்தோடு பார்க்கிறவர்கள் குழப்பிக்கொள்ள மாட்டார்கள் என்று நீதிமன்றம் தள்ளிவிட, 2013 மார்ச்சில் மேல்முறையீடும் தோற்றது. சட்டப்படி சரி. வழக்கு நடந்துகொண்டிருந்த அதே 2011-இல் நிகழ்ச்சி ஒரு நிசான் லீஃபை லிங்கன் நகரத்துக்கு ஓட்டிப்போய் அங்கே சார்ஜ் தீர்ந்து தவித்தது. புறப்படும்போதே பேட்டரி பாதிகூட இல்லை, ஊருக்குள் 10 மைலுக்கு மேல் வட்டமடித்திருக்கிறார்கள் என்று காரின் பதிவை எடுத்துக் காட்டியது நிசான். அந்த நகரத்தில் சார்ஜர் இல்லை என்று காட்டுவதற்காகவே அங்கே போனார்கள். இதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் க்ளைமாக்ஸை எழுதிவிட்டு அதற்கு வழி தேடியிருக்கிறார்கள்.

ரேஞ்ச் பயம் உண்மையானதுதானே, வாங்குகிறவன் முதலில் கேட்பதே அதைத்தானே, அதைச் சோதிப்பதில் என்ன தப்பு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நம்மூரில் எந்த வண்டியானாலும் "எவ்வளவு கொடுக்குது?" என்பதுதான் முதல் விசாரணை, பெட்ரோலுக்கு மூலைக்கு மூலை பங்க் இருப்பதும், சார்ஜருக்கு ஆப்பில் தேடிப் போய்ப் பார்த்தால் அது பழுதாகி நிற்பதும் நடப்புதான். பிராடரின் பயணமே அந்த இரண்டு நிலையங்கள் போதுமா என்று பார்க்கத்தான், டெஸ்லாவும் அதற்குச் சம்மதித்துத்தான் வண்டி கொடுத்தது. கேட்ட கேள்வியில் கோளாறு இல்லை. அளவுகோல்தான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. அம்மா வைத்த ரசத்தில் உப்பு கூடினால் "இன்னிக்குக் கொஞ்சம் கரிக்குது" என்று சாப்பிட்டுவிட்டு, மருமகள் ரசத்தில் கூடினால் "அவங்க வீட்டுப் பழக்கமே அப்படி" என்பார்களே, அந்த மாதிரி. குளிரில் பெட்ரோல் காரின் மைலேஜும் இறங்கத்தான் செய்கிறது. சான்றிதழில் போட்ட மைலேஜை எந்தப் பெட்ரோல் காரும் நகர நெரிசலில் தந்ததில்லை. அதையெல்லாம் இவர் ஒரு வரியில் கடந்துவிடுவார், எலெக்ட்ரிக் காருக்கு மட்டும் அது தலைப்பு.

இனி இந்த இனத்தின் மறுபாதி, அதாவது பக்தர். முதல் ஆள் வண்டி நிற்பதற்காகக் காத்திருந்தால், இவர் அற்புதத்துக்காகக் காத்திருப்பவர். ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் பக்கத்து சீட்டுக்காரர் வீறிடும் காட்சி இல்லாமல் இவருடைய வீடியோ முடியாது. குளிர், சார்ஜர் வரிசை, பேனல் இடைவெளி எல்லாம் 'சின்ன விஷயங்கள்'. இவர்களில் சிலருக்குப் பணத்தொடர்பும் இருந்தது: டெஸ்லாவின் பரிந்துரைத் திட்டத்தில், தங்கள் இணைப்பு வழியாகக் கார் வாங்கவைத்தவர்களுக்குப் புது ரோட்ஸ்டரே இலவசம் என்று பரிசு வைத்திருந்தார்கள், யூடியூபர்கள் பலர் அதை வென்றார்கள். அந்த ரோட்ஸ்டர் 2017-இல் மேடையில் காட்டப்பட்டது. 2025 முடியும்வரை ஒருவர் வாசலுக்கும் வந்து சேரவில்லை. விலைபோனார்கள் என்றே வைத்துக்கொண்டாலும் கூலி பாக்கி! ஆனால் காசு தொடாத கையும் இந்த மயக்கத்துக்குத் தப்புவதில்லை என்பதற்குக் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் சாட்சி. 1936-இலிருந்து நடக்கும் அமைப்பு, கார்களை யாருக்கும் தெரியாமல் கடையில் காசு கொடுத்து வாங்கிச் சோதிப்பது. 2015-இல் மாடல் எஸ் பி85டி காருக்கு அவர்கள் கணக்கில் 100-க்கு 103 மதிப்பெண் வந்தது. மதிப்பீட்டு முறையையே திருத்தி 100-இல் நிறுத்தினார்கள். இரண்டு மாதத்தில், அந்தக் காரின் பழுதுகள் சராசரியைவிட அதிகம் என்று உரிமையாளர்கள் சொன்ன விவரம் வந்ததும் பரிந்துரையை வாபஸ் வாங்கினார்கள். வாபஸ் வாங்கியதற்கு மரியாதை. ஆனால் 103 என்பது கதைப்பசி அரித்த மதிப்பெண்தான்.

அப்படியானால் விமர்சகரே வேண்டாம், கார் பதிவுசெய்யும் விவரமே பேசட்டும் என்பார்கள் கம்பெனிக்காரர்கள். பதிவு யார் கையில் இருக்கிறது? அவர்கள் கையில். எதை வெளியிடுவது என்பதும் அவர்கள் இஷ்டம். திரையில் காட்டும் ரேஞ்சைக் கூட்டிக் காட்டும்படி டெஸ்லா மென்பொருளை எழுதியது என்றும், ரேஞ்ச் குறைகிறது என்று சர்வீஸுக்கு நேரம் கேட்டவர்களின் அப்பாயின்ட்மென்டுகளை ரத்துசெய்யவே லாஸ் வேகாஸில் ஒரு குழு வைத்திருந்தது என்றும் 2023-இல் ராய்ட்டர்ஸ் எழுதியது. குளிரில் ரேஞ்ச் எவ்வளவு இறங்கும் என்பதை விளம்பரத்தில் சரியாகச் சொல்லவில்லை என்று தென்கொரியா அதே ஆண்டு அபராதம் போட்டது. இங்கே 2021-இல் டாடா நெக்ஸான் எலெக்ட்ரிக் காரின் 312 கிலோமீட்டர் சான்றிதழ் ரேஞ்ச் கிடைக்கவில்லை என்ற புகாரின்பேரில் தில்லி அரசு மானியத்தை நிறுத்திவைக்க, கம்பெனி உயர் நீதிமன்றம் போய்த் தடை வாங்கியது. ஆய்வுக்கூடத்து உருளைமேல் ஓடிய எண்ணுக்கும் ஏசி போட்டு மேம்பாலம் ஏறும் எண்ணுக்கும் உள்ள இடைவெளி இருக்கும்வரை, வெளியாள் ஒருவர் ஓட்டிப் பார்த்தே ஆக வேண்டும். விமர்சகருக்குக் கதைப்பசி என்றால், கம்பெனிக்கு வேறு பசி.

கடுமையாக எழுதினால் வளரும் கம்பெனி செத்துப்போகும் என்று ஒரு முறையீடும் உண்டு. 2024 பிப்ரவரியில் யூடியூபர் மார்க்கெஸ் பிரவுன்லீ, தான் மதிப்பிட்டதிலேயே மோசமான கார் இதுதான் என்று ஃபிஸ்கர் ஓஷனைப் பற்றிச் சொன்னார். ஜூனில் ஃபிஸ்கர் திவால். ஒரு பையன் கம்பெனியைக் கொன்றுவிட்டான் என்று புலம்பல். கம்பெனி புது மென்பொருள் வரும்வரை பொறுக்கச் சொன்னது. அவரோ ஒரு டீலரிடம் வண்டியை இரவல் வாங்கி ஓட்டினார். நான் சார்பைத் தேடும் இடமே இந்த வழி போடும் இடம்தான், இங்கே அவர் போட்ட வழி சரியானது: கடைக்குப் போகும் வாடிக்கையாளருக்கு அன்றைக்கு என்ன கிடைக்குமோ, அதையே எடுத்தார். தலைப்பு மட்டும் கொஞ்சம் பசியோடு வைத்தது. ஃபிஸ்கருக்கு வந்த நோய் வீடியோவுக்கு முன்பே வந்தது.

கதைப்பசி இல்லாத சோதனையும் உண்டு: நார்வேயின் மோட்டார் சங்கமான என்ஏஎஃப் குளிர்காலத்தில் ஒன்றும் கோடையில் ஒன்றுமாக ஆண்டுக்கு இரண்டு சோதனை நடத்துகிறது. இருபதுக்கு மேற்பட்ட எலெக்ட்ரிக் கார்களை முழு சார்ஜோடு ஆஸ்லோவிலிருந்து மலைப் பக்கமாக, ஒரே நாளில் ஒரே வழியில் விட்டு, ஒவ்வொன்றும் நிற்கும்வரை ஓட்டுகிறார்கள். கவனியுங்கள், இவர்களும் நிற்கும்வரைதான் ஓட்டுகிறார்கள், இவர்களும் லாரியில்தான் ஏற்றுகிறார்கள். ஆனால் எல்லா வண்டியும் நிற்பதால் எது நின்றதும் சம்பவமாகவில்லை. சான்றிதழ் எண்ணுக்குப் பக்கத்தில் கிடைத்த எண், குறைந்த சதவீதம் என்று ஒரு அட்டவணையில் ஒரு வரியாகிவிடுகிறது. புது கார்களில் பத்துக்கு எட்டுக்கு மேல் எலெக்ட்ரிக்காக விற்கும் நாடு அது. வாங்குகிறவர் அட்டவணையில் தன் மாடலைத் தேடிப் பார்த்துவிட்டுப் போகிறார், கண்ணீருக்கு வேலையில்லை.

நம் விமர்சகரிடம் இதைக் காட்டினால் ஒரே பதில்: "இதை யார் சார் படிப்பாங்க?" 2018 மே மாதம் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் தன் காசில் வாங்கிய டெஸ்லா மாடல் 3-ஐ மணிக்கு 97 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி, பிரேக்கை அழுத்தி, நிற்கும் தூரத்தை அளந்தது. சுமார் 46 மீட்டர், ஃபோர்டு எஃப்-150 பிக்கப் லாரி நிற்கும் தூரத்தைவிட அதிகம். அந்த எண்ணை முக்கியக் காரணமாகப் போட்டு, இந்தக் காரைப் பரிந்துரைக்க மாட்டோம் என்று எழுதினார்கள். டெஸ்லாவின் எஞ்சினியர்கள் படித்தார்கள். முதலில் முறைத்துக்கொண்ட கம்பெனி, பத்து நாளுக்குள் வண்டி நின்ற இடத்திலேயே பிரேக் மென்பொருளை மாற்றி அனுப்பியது. மறுபடி அளந்தபோது 40.5 மீட்டர். பரிந்துரை கிடைத்தது. ஏற்கெனவே விற்றுத் தெருவில் ஓடிக்கொண்டிருந்த மாடல் 3 கார்களும் அந்த மாற்றத்தோடு சீக்கிரம் நிற்கத் தொடங்கின.